காட்டேரிக் காதல் தொடர், நான்கு பாகம்: வாங்குவதா, இரவலா, கைப்பேசியிலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருந்துகொண்டு இளையோருக்கான அமானுஷ்யக் காதல் தொடர் ஒன்றைப் படிக்க ஆசைப்படுபவர்கள் முதல் பாகத்தில் சிக்குவதில்லை. அது எப்படியாவது கைக்கு வந்துவிடும். வகுப்புத் தோழி கொடுப்பாள், மலிவு விற்பனையில் அகப்படும், ஈப்போ போன அண்ணன் வாங்கி வருவார். சிக்கல் இரண்டாம் பாகத்தில்தான் தொடங்குகிறது.

இந்த வகைக் கதைகளின் கட்டமைப்பு அப்படி. முதல் பாகத்தில் பெண்ணும் இரத்தக் காட்டேரியும் (அல்லது ஓநாய் மனிதனோ வானிலிருந்து விழுந்த தேவதூதனோ) சேர்வார்கள். இரண்டாம் பாகம் பெரும்பாலும் அவர்களைப் பிரிக்கும். மூன்றாவது, நடுவில் இன்னொருவனை வலுவாக நிறுத்தும். ஒவ்வொரு பாகமும் கதவைப் பாதி திறந்துவைத்தே முடியும். அந்த நேரத்தில் அடுத்த புத்தகம் கையில் இல்லாமல் ஆறு வாரம் போனால், எந்தக் குலத்துக்கும் எந்தக் குலத்துக்கும் பகை என்பதே மறந்துவிடும். பாதியில் நின்றுபோன தொடர்கள் பலவற்றுக்கும் காரணம் கதை பிடிக்காமல் போனதல்ல, புத்தகம் வராமல் போனதுதான்.

ஆகவே "எந்தப் புத்தகம் மலிவு?" என்று கேட்காமல், "கடைசிப் பாகம் வரை எந்த வழியில் தடையில்லாமல் போகலாம்?" என்று கேட்க வேண்டும்.

## முதலில் தொடரின் நீளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பலருக்கும் தெரிந்த ட்வைலைட் தொடரை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு பாகங்கள் வந்தன. முதல் பாகம் ஏறக்குறைய 118,000 சொற்கள், இரண்டாவது 132,000, மூன்றாவது 148,000, நான்காவது 190,000க்கும் மேல். இந்த வகைத் தொடர்கள் பலவும் இப்படித்தான் போகப்போகப் பருக்கும்.

ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகப் படிக்கும் ஒரு படிவம் 3 மாணவி நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிறாள், நாளுக்கு 40 நிமிடம் ஒதுக்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்துக்கு 20 நாள், இரண்டாவதுக்கு 22, மூன்றாவதுக்கு 25, நான்காவதுக்கு 32 நாள் ஆகும். மொத்தம் சுமார் 100 நாள். நூலகத் தவணையும் சந்தாவும் பயணச் செலவும் இந்த எண்ணைப் பொறுத்தவை என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முழுத் தொடரின் செலவு முதலாவது. அட்டையில் உள்ள விலையோடு அஞ்சல், பேருந்து, வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒரு பாகம் முடிந்தபின் அடுத்தது எத்தனை நாளில் கைக்கு வரும் என்பது. மூன்றாவது, திருப்பிக் கொடுக்கும் தேதி உங்கள் வாசிப்பு வேகத்துக்குப் போதுமா என்பது. நான்காவது, தெரியாத சொல்லுக்குப் பொருள் பார்ப்பது எவ்வளவு எளிது என்பது.

ஐந்தாவது, படிக்கும் பொருள் உங்களுக்கே உரியதா என்பது. லயத்து வீட்டில் ஒரே கைப்பேசியை அம்மாவும் தம்பியும் நீங்களும் பகிர்ந்தால், அதில் 190,000 சொல் படிப்பது நடைமுறையில் நடக்காது.

கீழே உள்ளவை கணக்குப் போட உதவும் உத்தேசத் தொகைகள், மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்). நான்கு பாகத் தொடருக்கானவை. வாங்கும் நாளில் உங்கள் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

| வழி | முழுத் தொடர் | அடுத்த பாகம் வர | மறைந்திருக்கும் செலவு | மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| புதுப் புத்தகம் | 4 × 50 + அஞ்சல் 8 = 208 வெள்ளி | மொத்தமாக வாங்கினால் உடனே | வேறு பதிப்பு வந்து சேர்வது | நான்கு புத்தகம் |
| பழைய பிரதி | 4 × 15 + அஞ்சல் 4 × 6 = 84 வெள்ளி | நாள் கணக்கா, மாதக் கணக்கா சொல்ல முடியாது | பூஞ்சை, விடுபட்ட பாகம் | நான்கு புத்தகம் |
| நூலகம் | 0 + பயணம் | வரிசையைப் பொறுத்தது | 5 முறை போய்வர பேருந்து | எதுவும் இல்லை |
| மின்நூல் | 4 × 35 + 8% = 151 வெள்ளி | சில நிமிடம் | சாதனம் | உரிமம் மட்டும் |
| நால்வர் கூட்டு | தலைக்கு 52 வெள்ளி | தோழியின் வேகத்தைப் பொறுத்தது | புத்தகம் யாருக்கு என்ற வழக்கு | ஆளுக்கு ஒன்று |

## புதுப் புத்தகம்

தோட்டப்புற நகர்களில் புத்தகக் கடை என்பது பெரும்பாலும் எழுதுபொருளும் எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) பயிற்சி நூலும் விற்கும் கடைதான். ஆங்கில இளையோர் நாவலுக்கு சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குப் போக வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும்.

கடைத் தட்டில் ஒரு தொடரின் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதலும் கடைசியும் இருக்கும், நடுவில் உள்ளது இருக்காது. போகுமுன் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் குறிப்பிட்ட பாகத்தின் பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக உள்ள நூல் எண்) சொல்லி இருப்பு கேளுங்கள். பெயரை மட்டும் சொன்னால், அதே பெயரில் உள்ள படக்கதைப் பதிப்பை எடுத்து வைத்துவிடக்கூடும்.

இன்னொரு சிக்கல் பதிப்பு. மலேசியக் கடைகளுக்குப் பெரும்பாலும் பிரிட்டன் பதிப்பு வரும், இணைய விற்பனையாளர் சிலர் அமெரிக்கப் பதிப்பை அனுப்புவார்கள். உயரமும் அட்டையும் வேறாக இருக்கும். திரைப்படம் வந்துவிட்டால் அட்டை மறுபடியும் மாறும். கதை ஒன்றுதான், ஆனால் அலமாரியில் அடுக்கிவைக்கும் ஆசையால்தான் புதிது வாங்குகிறீர்கள் என்றால் இது பெரிய ஏமாற்றம். பெட்டியோடு வரும் முழுத் தொகுதிதான் இதற்குத் தீர்வு. தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: "முழுத் தொகுதி" என்று எழுதியிருந்தாலும் தொடர் முடிவதற்கு முன் வெளியான பெட்டியில் முதல் மூன்று பாகம் மட்டுமே இருக்கலாம். பாகங்களை எண்ணிப் பாருங்கள்.

தோட்ட முகவரிக்குப் பொட்டலம் வருவதிலும் கவனம் தேவை. டிவிஷன் பெயரை எழுதாவிட்டால் அது வேறு டிவிஷனுக்குப் போய்விடும். லயம் வரை வராத விநியோகப் பணியாளர் தோட்ட அலுவலகத்திலோ பாதுகாவலர் சாவடியிலோ வைத்துவிட்டுப் போவார், மழை நாளில் அட்டை ஊறிவிடும். டவுனில் தெரிந்த கடை முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுவது நல்லது. கடைக்காரரின் பெயரோடு உங்கள் தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

பெற்றோர் வருமான வரி கட்டுபவராக இருந்தால் ரசீதை எறியாதீர்கள். வாழ்க்கை முறை வரி விலக்கான 2,500 வெள்ளிக்குள் பிள்ளைக்கு வாங்கிய புத்தகமும் அடங்கும், ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு இந்தச் சலுகையால் பயனில்லை. அங்கே 208 வெள்ளி முழு 208 வெள்ளிதான்.

திரும்பத் திரும்பப் படிப்பவர்களுக்கும், தங்கை அடுத்துக் காத்திருக்கும் வீட்டுக்கும், பிறந்தநாள் பரிசுக்கும் புதுப் புத்தகம் சரி. தொடர் பிடிக்குமா என்றே தெரியாதவர் இந்த வழியில் தொடங்கக் கூடாது.

## பழைய பிரதியும் மலிவு விற்பனையும்

விலையைப் பார்த்தால் இதுதான் மனத்தை இழுக்கும். இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிக் பேட் வுல்ஃப் போன்ற மலிவு விற்பனைகளுக்கு வருபவை பெரும்பாலும் பதிப்பகத்தில் மிஞ்சிய பிரதிகள். எது அதிகமாக அச்சாகி விற்காமல் நின்றதோ அதுதான் மேசைக்கு வரும். அதனால் மூன்றாம் பாகம் மலைபோல் குவிந்திருக்கும், இரண்டாம் பாகம் ஒன்றுகூட இருக்காது. "இதை இப்போது வாங்கிவைப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்ற எண்ணம்தான் வீட்டில் ஒற்றைப் புத்தகங்களைச் சேர்க்கிறது. தொடரின் பாகப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

கரோசெல், ஷோப்பி போன்ற இணையச் சந்தைகளில் பழைய பிரதி வாங்கும்போது நான்கு படம் கேளுங்கள்: உரிமைப் பக்கம், முதுகு, பக்கங்களின் கீழ் விளிம்பு, கடைசிப் பக்கம். உரிமைப் பக்கம் எந்தப் பதிப்பு என்று காட்டும். முதுகில் வெள்ளைக் கோடுகள் நடுவில் மட்டும் ஆழமாக இருந்தால் அங்கே பசை காய்ந்து பக்கம் கழன்று வரப்போகிறது என்று பொருள். 700 பக்கத்துக்கு மேற்பட்ட கடைசிப் பாகங்களில் இது அதிகம். கீழ் விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் ஈரத்தில் இருந்த புத்தகம். பழுப்பு மட்டும் என்றால் படிக்கலாம். தூசிபோல் எழும்பும் சாம்பல் நிறப் பூஞ்சை என்றால் வாங்க வேண்டாம், ஆஸ்துமா உள்ள வீட்டில் கட்டாயம் வேண்டாம்.

நம் காற்றின் ஈரத்தில் ராமபாணப் பூச்சி சீக்கிரம் பெருகும். வந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியில் விடுங்கள். உடனே பிரித்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தாளில் படிந்து பக்கம் நெளிந்துவிடும்.

"புதியது, முழுத் தொகுதி, 40 வெள்ளி" என்று வந்தால் அது களவு அச்சு. தாள் மெலிந்து மறுபக்க எழுத்து தெரியும், அட்டை எழுத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும், ஓரம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம் என்று கட்டுக்கட்டாகச் சேர்ப்பதால் ஒரு கட்டு விடுபட்டால் முப்பத்திரண்டு பக்கக் கதை போய்விடும். அது கதையின் உச்சமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதியவருக்கு ஒரு காசு போகாது என்பதையும் நினைக்க வேண்டும்.

பொறுமை உள்ளவருக்கும், ஏற்கெனவே முடிந்துபோன பழைய தொடரைத் தேடுபவருக்கும் இந்த வழி பொருந்தும். புதிதாக வந்துகொண்டிருக்கும் தொடருக்குப் பழைய பிரதி சந்தைக்கு வரவே நாளாகும்.

## நூலகம்

இலவசம் என்பதால் பலர் இதை முதலில் நினைப்பார்கள். தவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 14 நாள் தவணை என்றால், நாளுக்கு 40 நிமிடம் படிக்கும் மாணவி 84,000 சொல்தான் தாண்டியிருப்பாள். முதல் பாகமே முடியாது. ஒரு முறை நீட்டித்தால் முதல் மூன்று பாகங்களை முடிக்கலாம். நான்காவதுக்கு 28 நாளும் போதாது. எனவே உறுப்பினராகும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: தவணை எத்தனை நாள்? எத்தனை முறை நீட்டிக்கலாம்? நேரில் வராமல் நீட்டிக்க முடியுமா?

பயணமும் செலவுதான். ஒரு பாகத்தைக் கொடுத்து அடுத்ததை எடுத்தால் நான்கு பாகத்துக்கு ஐந்து முறை போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பேருந்துக்குப் பத்து வெள்ளி என்றால் 50 வெள்ளி, அதோடு ஐந்து சனிக்கிழமைகள். பக்கத்தில் கிளை நூலகமோ கிராம நூலகமோ இருந்தால் இந்தச் செலவு இல்லை. ஆனால் அங்கே ஆங்கில இளையோர் நாவல் குறைவு. ஈப்போவில் உள்ள துன் ரசாக் நூலகம் போன்ற பெரிய நூலகத்தில்தான் தொடராகத் தேட முடியும். போகுமுன் இணையப் பட்டியலில் எல்லாப் பாகமும் உள்ளனவா என்று பாருங்கள். ஒன்று தொலைந்திருந்தால் அங்கேயே தொடர் அறுந்துவிடும்.

இடைநிலைப்பள்ளியின் வள மையத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொறுப்பாசிரியரிடம் தொடரின் பெயரை எழுதிக் கொடுத்தால் அடுத்த கொள்முதலில் சேர்க்க வாய்ப்பு உண்டு. படித்த பாகங்களை நிலாம் வாசிப்புப் பதிவில் ஒவ்வொன்றாகப் பதியலாம்.

தேசிய நூலகத்தின் யூ-புஸ்தாக்கா போன்ற மின்னூலகங்கள் பயணத்தை மிச்சப்படுத்தும், தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடுவதால் அபராதமும் இல்லை. ஆனால் மின்னூலகத்திலும் பிரதிகளுக்கு எண்ணிக்கை உண்டு. ஒருவர் வைத்திருந்தால் மற்றவர் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே முதல் பாகத்தைத் திறந்த அன்றே இரண்டாம் பாகத்துக்கு முன்பதிவு போட்டுவிடுங்கள்.

## கைப்பேசியில் மின்நூல்

ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்கு இந்த வழியில் உள்ள வசதி வேறெதிலும் இல்லை. சொல்லின் மேல் விரலை அழுத்தினால் பொருள் வரும். இந்த வகைக் கதைகளில் முகபாவத்தையும் நிறத்தையும் உடல் குளிர்ச்சியையும் சொல்லும் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் நூறு பக்கத்தில் பொறுமையாகப் பார்த்துவிட்டால் பிறகு அகராதியின் தேவை வெகுவாகக் குறையும்.

கூகுள் பிளே புக்ஸில் வெள்ளியிலேயே விலை இருக்கும், கடன் அட்டை இல்லாமல் மின்பணப்பையிலோ பரிசு அட்டையிலோ கட்டலாம். கிண்டில் கடைக்கு மலேசியத் தளம் கிடையாது, டாலரில் வாங்க வேண்டும், வங்கி மாற்றுக் கட்டணமும் சேரும். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8% சேவை வரி உண்டு. காட்டும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கட்டுமுன் பாருங்கள்.

வாங்குமுன் மாதிரிப் பகுதியை இலவசமாகப் படிக்கலாம் என்பதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். ஒன்று இரண்டு அத்தியாயத்திலேயே கதை சொல்லும் பெண்ணின் குரல் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். இந்த வகையில் அந்தக் குரல்தான் எல்லாம். நம் பிள்ளைகள் பொந்தியானாக் (மலாய்ப் பெண் பேய்) கதையும் மோகினிக் கதையும் கேட்டு வளர்ந்தவர்கள், காட்டேரிக்கு அவ்வளவு பயப்பட மாட்டார்கள். ஊருக்குப் புதிதாக வந்து யாரோடும் ஒட்டாத ஒரு பெண்ணின் தனிமைதான் அவர்களைப் பிடித்து நிறுத்தும்.

குறைகளும் உண்டு. மின்நூலைத் தோழிக்குக் கொடுக்க முடியாது, விற்க முடியாது. வாங்குவது படிக்கும் உரிமத்தைத்தான். வாட்சாப் செய்தி நடுவில் வந்துகொண்டே இருக்கும், படிக்கும்போது அறிவிப்புகளை நிறுத்தி, நூலை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சில மெகாபைட்தான் ஆகும். மின்-மை (e-ink) திரை கொண்ட வாசிப்புக் கருவி கண்ணுக்கு இதம், ஆனால் ஒரே ஒரு தொடருக்காக அதை வாங்கினால் கணக்கு இடிக்கும். ஆண்டுக்குப் பத்து நூலாவது படிப்பவர் யோசிக்கலாம்.

பாகங்களுக்கு நடுவே வரும் ஒன்றரை, இரண்டரை என்று எண்ணிட்ட குறுநாவல்கள் சில மின்நூலாக மட்டுமே கிடைக்கும். கதை நகர அவை பெரும்பாலும் அவசியமில்லை. தவறுதலாக அதையே "அடுத்த பாகம்" என்று வாங்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. நூறு பக்கம், நூற்றைம்பது பக்கம் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒலிநூலைத் தனி வழியாக எண்ண வேண்டாம், துணையாக வைத்துக்கொள்ளலாம். முதல் பாகமே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கடைசி இருபதைத் தாண்டும். மாதம் ஒரு நூல் தரும் சந்தாவில் நான்கு மாதம் கட்ட வேண்டும். தொழிற்சாலைப் பேருந்தில் தினமும் ஒரு மணி நேரம் போய்வருபவருக்கு நல்லது.

## நான்கு பேர் கூட்டு

கூட்டுப் பணம் கட்டிப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. நால்வர் தலைக்கு 52 வெள்ளி போட்டு நான்கு பாகம் வாங்கலாம். ஆனால் நால்வரும் முதல் பாகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும், அது ஒன்றுதான் இருக்கிறது. முதல் ஆள் 20 நாள் எடுத்தால் நான்காமவர் தொடங்கவே 60 நாள் ஆகும். அதற்குள் முடித்தவர் முடிவைச் சொல்லிவிடுவார்.

வேகமாகப் படிப்பவரை முன்னால் விடுங்கள், மெதுவாகப் படிப்பவர் முதலில் வந்தால் பின்னால் உள்ள எல்லோரும் நிற்க வேண்டியதாகும். முதல் பாகத்தை மட்டும் இன்னொரு பழைய பிரதியாக, 15 வெள்ளிக்குக் கூடுதலாக வாங்கிவிட்டால் நான்காமவர் 60 நாளுக்குப் பதில் 20 நாளில் முதல் பாகத்தைத் தொடங்கலாம். முடிவில் எந்தப் புத்தகம் யாருக்கு என்பதைப் பணம் போடும் நாளிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

## இந்தோனேசிய மொழிபெயர்ப்பு கிடைத்தால்

ஆங்கிலத்தைவிட மலாய் எளிது என்பவர்களுக்கு இது வசதிபோல் தோன்றும். படிக்கலாம், ஆனால் சொற்கள் காலை வாரும். நமக்குக் கார் என்று பொருள்படும் கெரெத்தா அங்கே ரயில். பீசா என்றால் நமக்கு நஞ்சு, அங்கே பெரும்பாலும் "முடியும்" என்று பொருள். கடித்தால் நஞ்சேறும் கதையில் இது எவ்வளவு குழப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

## யார் எதை எடுக்கலாம்

இந்த வகையை முதன்முறை தொடுபவர்: முதல் பாகத்தை இரவல் வாங்குங்கள், அல்லது மாதிரிப் பகுதியைப் படியுங்கள். ஐம்பது பக்கம் பிடித்தால் மீதி மூன்றையும் ஒரே பதிப்பில் ஒரே நேரத்தில் வாங்குங்கள். 150 வெள்ளி, ஒரே அஞ்சல் செலவு.

படிவம் 5 மாணவர்: நூறு நாள் கணக்கை மறக்காதீர்கள். எஸ்.பி.எம். நெருங்கும்போது மூன்றாம் பாகத்தின் நடுவில் நிற்பதைவிட, தேர்வு முடிந்த மறுநாள் தொடங்குவது நல்லது. அப்போது நாளுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும், ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடித்துவிடலாம்.

பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வாங்கும் பெற்றோர்: முதல் பாகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதாநாயகிக்குப் பாகம் தோறும் வயது ஏறும். திருமணம், பிரசவம், இரத்தம் எல்லாம் பின்பாகங்களில்தான் வரும். கடைசிப் பாகத்தை ஒரு முறை புரட்டிவிட்டு, இப்போது முதல் இரண்டு, மற்றவை இரண்டு ஆண்டு கழித்து என்று பிரிக்கலாம்.

முதலும் மூன்றும் மட்டும் வீட்டில் இருப்பவர்: இரண்டைத் தாண்டி மூன்றைத் திறக்காதீர்கள், அதன் முதல் அத்தியாயமே இரண்டாம் பாகத்தின் முடிவைச் சொல்லிவிடும். இரண்டாம் பாகத்தை மட்டும் மின்நூலாக வாங்குங்கள். 35 வெள்ளிக்கு அன்றிரவே கைக்கு வரும். அலமாரிக்கு வேண்டிய அச்சுப் பிரதியைப் பிறகு பழைய விலையில் நிதானமாகத் தேடலாம். நான்காவதை மட்டும், மூன்றில் பாதி தாண்டும்போதே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.